எருமைநாக்கு

ததேயு, நீ அனுப்பின படம் வந்தது.
கதவைக் கழற்றி நட்டுக்க நிறுத்தினதுபோல் ஒரு மீன்,
பக்கத்தில் ஆரஞ்சு உறைக்குள் நீ.
மூக்கு மட்டும்தான் நம்ம ஊர்.
ராத்திரி பதினொரு மணிக்கு வெயில் என்கிறாய்.
ஒரு பேச்சுக்கு நம்பிவிட்டேன்.

கிளீட்டசிடம் காட்டினேன்.
ரெண்டு விரலால் அகட்டி அகட்டிப் பார்த்தான்.
ரெண்டு கண்ணும் ஒரே பக்கம்.
"இது நம்ம எருமைநாக்குல்லா வே,
குளிருக்கு ஊதியிருக்கு."

அன்றைக்கே போனோம்.
புரட்டாசி, கச்சான் அடங்கி நாலாம் நாள்.
முட்டம் விளக்கை மலையின் பிளவுக்குள் கொண்டுவந்து,
கடியபட்டணம் கோபுரத்தை ஒரு விரற்கடை கிழக்கே தள்ளி
என்ஜினை அணைத்தோம்.
ஜிபிஎஸ்ஸும் இருக்கிறது. அது ஒழுங்காய்க் காட்டுகிறதா என்று
கணிச்சம் வைத்துச் சோதிப்பான் கிளீட்டஸ்.

முப்பத்திரண்டு பாகம்.
ஈயம் தரை தொடும்போது கை தானாய்த் தளரும்.
பார் என்றால் டக்கென்று பதில்.
சேறு என்றால், கேட்டும் கேட்காத மாமியார்.
இங்கே சேறு.

உங்கள் போட்டில் மெஷின்தான் இழுக்கிறது என்கிறாய்.
அப்படியானால் அந்தக் கூச்சம் யாருக்குக் கிடைக்கிறது?
சுட்டுவிரலின் ரெண்டாம் மடிப்பில்,
தங்கூஸ் அறுத்து அறுத்துக் காய்த்த இடத்தில்
வருமே முதலில், கடிக்காமல்,
மோந்து பார்த்துவிட்டு நிற்கிற ஒன்று,
மூச்சைப் பிடித்துக்கொண்டு நாமும் நிற்போமே.
நவரை கோழிபோல் கொத்தும்.
விளமீன், தட்டிவிட்டு ஓடுகிற பிள்ளை.
கலவா வந்தால்
வள்ளமே ஒருதரம் குனிந்து நிமிரும்.

எருமைநாக்கு இதில் ஒன்றிலும் சேர்த்தியில்லை.
ஈரச்சாக்கு மாட்டினதுபோல் கனம், அவ்வளவுதான்.
சவம், குப்பை என்று இழுத்தேன்.
பன்னிரண்டு பாகம் வந்தபிறகு
குப்பைக்குக் கோபம் வந்தது.

எத்தனை நேரம் என்று கேட்காதே.
கிளீட்டஸ் ஏதோ கத்தினான், காதில் ஏறவில்லை.
டெல்பின் வாங்கச் சொன்ன கேஸ் சிலிண்டர்,
சொசைட்டிக் கடன், இடது தோளின் பழைய வலி
எல்லாம் எங்கேயோ கரையில் கிடந்தன.
நூல் உள்ளே போனது, வெளியே வந்தது,
நான் அதற்கு நடுவில் இருந்தேன்.

தட்டில் கிடந்தபோது பார்த்தேன்.
மேல்பக்கம் சேற்றின் நிறம், புள்ளி, பிடிவாதம்.
புரட்டினால் அடிப்பக்கம் வெள்ளை.
பிறந்ததிலிருந்து எதையுமே பார்க்காத பக்கம்.
ஏனோ எனக்குச் சிரிப்பு வந்தது.
கிளீட்டசும் சிரித்தான், காரணம் கேட்காமல்.

சால்மன் பிறந்த ஆற்றைத் தேடி ஏறிப்போகும் என்று
வாய்ஸில் சொன்னாய். அந்த இடத்தில் மட்டும்
உன் குரல் கொஞ்சம் கம்மியது, காற்றாகவும் இருக்கலாம்.
இங்கே மழைத்தண்ணி கலங்கினால்
வள்ளியாற்றுப் பொழிக்குக் காலா வருகிறது.
கன்னியாகுமரி ஓட்டலில் அதற்கு
இந்தியன் சால்மன் என்று பேர், விலையும் அதற்கேற்றபடி.
எங்கே பிறந்தது என்று யாரும் அதைக் கேட்பதில்லை.
வயிறு நிறைய இறாலோடு வருகிறது.
கொழுத்துத்தான் இருக்கிறது.

ஏலத்தில் நம்ம மீனுக்கு நூற்றெழுபதுக்கு மேல் கேட்க ஆளில்லை.
கொடுக்கவில்லை. டெல்பின் தேங்காய் அரைத்து,
புளிமாங்காய் போட்டு வைத்தாள்.
முள் குறைவு, சதை பூப்போல் விட்டது.
"நாக்குன்னு பேரு வெச்சவனுக்கு நாக்கு இருந்திருக்கு" என்றாள்.

அடுத்த தடவை ஒரே ஒரு தூண்டிலை
மெஷினில் மாட்டாமல் விடு.
கையுறையைக் கழற்று. விறைக்கும், விறைக்கட்டும்.
விரலில் என்ன வந்தது என்று மட்டும் சொல்.
எடை சொல்ல வேண்டாம்.

நம்ம மீனையும் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
அளவுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி வைக்கவில்லை.
வேண்டுமென்றேதான்.